பொறுமை இல்லாதவர்கள் நாங்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சினிமாக் கட்டுரை, தமிழ் ரசிகர்களுக்குப் பொறுமை போய்விட்டது, அதனால்தான் நிதானமான படங்கள் தோற்கின்றன என்று முடிந்திருந்தது. நான் விமர்சகர் அல்ல. மாதத்துக்கு ஒரு படம் பார்ப்பேன், நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல் ஒன்று எப்போதும் தலைமாட்டில் இருக்கும். என்னைப் போன்றவர்கள்மேல்தான் அந்தப் பழி விழுகிறது என்பதால் எழுதுகிறேன்.

'மெய்யழகன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். நான் மன்னார்குடிக்காரி. நீடாமங்கலத்தில் நடக்கிற கதை என்று தெரிந்ததுமே எங்கள் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். சொத்துத் தகராறில் ஊரைவிட்டே போன ஒருவர், தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்காகப் பல வருடங்கள் கழித்து வருகிறார். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் என்ன என்பதே அவருக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். இதை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க இருவரையும் பேசவிட்டிருக்கிறார் இயக்குநர் பிரேம்குமார். அந்தப் பேச்சு உறவில் தொடங்கி, மாட்டுக்குப் போய், முன்னோர்களுக்குப் போய், எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்ப வருகிறது. எங்கள் ஊர்ப் பேச்சு அப்படித்தான் இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்தால், நாற்றங்காலில் ஆரம்பித்தது எந்தத் தலைமுறைப் பங்காளிச் சண்டையில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் திரும்பியவராக நடித்த அரவிந்த்சாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை நாம் நம்புவதற்குக் காரணமே அந்தச் சுற்றல்தான்.

2024 செப்டம்பர் 27-ஆம் தேதி வந்த அந்தப் படத்தில், சில நாட்களுக்குள்ளேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். முதல் வாரத்தில் போன என் அண்ணி பார்த்த படம் வேறு, அடுத்த வாரம் போன பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த படம் வேறு. படம் இழுவை என்று சொன்னது யார்? முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் வாய்க்கு எதிரே மைக்கை நீட்டுகிறார்கள். அதற்கும் முன்பே, இடைவேளையில் வெளியே வந்து கைபேசியில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முதல் நாள் சத்தத்தைக் கேட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். வெட்ட இசைந்தவர் இயக்குநரே என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. நாங்கள் உட்கார்ந்து பார்க்கத் தயாராக இருந்தோம், எங்களை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் 'இந்தியன் 2', 'கங்குவா' ஆகிய படங்களையும் வெளியானபின் குறைத்தார்கள். அவற்றில் குறை நீளத்தில் இல்லை என்பதால் வெட்டியும் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

'கொட்டுக்காளி'க்கு நேர்ந்தது இன்னும் மோசம். பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2024 ஆகஸ்டில் இங்கே வந்தது. பி.எஸ். வினோத்ராஜ் அதில் பின்னணி இசையே வைக்கவில்லை. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பமே அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது. ஆண்கள் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருகிறார்கள். வண்டி கிளம்புகிற ஓசை, சேவல், காற்று, அந்தப் பெண்ணின் பிடிவாதமான மௌனம், இவைதான் படம். வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. அத்தனை ஆண்களுக்கும் அடங்காத அதை ஒரு சிறுமி வந்து அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். யாரும் எதையும் விளக்கவில்லை. எனக்கு எந்த வசனமும் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் பின்வரிசையில் இருந்த பெண்கள் தங்களுக்குள் மெல்லச் சிரித்துக்கொண்டது காதில் விழுந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல் காட்சி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உலை வைக்கிற நேரம் அது. வேலைக்குப் போகிறவர்கள் வேலையில் இருப்பார்கள். அந்தப் படத்தை யார் விரும்பிப் பார்ப்பார்களோ அவர்கள் வர முடியாத நேரத்தில் ஓட்டிவிட்டு, கூட்டம் இல்லை என்று எடுத்துவிட்டு, பிறகு ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்று எழுதுவது நியாயமா?

மெதுவாகப் போகிற எல்லாப் படத்தையும் நான் தூக்கிப்பிடிக்கவில்லை. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையை ஒட்டி வெற்றிமாறன் எடுத்த 'விடுதலை'யின் முதல் பாகத்தில், செய்த உதவிக்கு மன்னிப்புக் கேட்க மறுத்துத் தண்டனை வாங்கிக்கொண்டே இருக்கும் அந்தப் போலீஸ் டிரைவரோடு நான் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருந்திருப்பேன். இரண்டாம் பாகத்தில் போராளித் தலைவரான வாத்தியார் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்கிற அரசியலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதல் பாகத்தில் நானாகப் புரிந்துகொண்டதை இரண்டாம் பாகம் எனக்குப் பாடமாக எடுத்தது. அங்கே எனக்குச் சலித்தது. அந்தச் சலிப்புக்கும் பொறுமைக்கும் சம்பந்தம் இல்லை.

நாவல்களிலும் இதையே பார்க்கிறேன். பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' தமிழில் 2012-லேயே வந்துவிட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023-இல் ஜேசிபி பரிசு கிடைத்த பிறகுதான் எங்கள் நூலகத்தில் அதற்குக் கேட்பு வந்தது. பங்கு பிரித்ததில் ஏமாற்றப்பட்ட முத்து, குடியேற வேறு நிலம் தேடி, குப்பன் துணையோடு மாட்டுவண்டியில் போகிறான். கதை அந்த வண்டியின் வேகத்தில்தான் நகர்கிறது. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவது, சோறு பொங்குவது, கண்ட மண்ணையெல்லாம் நின்று பார்ப்பது என்று பக்கங்கள் போகின்றன. இதையெல்லாம் சுருக்கியிருந்தால், கடைசியில் ஒரு காணி கிடைக்கிறபோது அது எத்தனை பெரிய விஷயம் என்பது எனக்கு உறைத்திருக்காது. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' சாகித்ய அகாதமி விருது பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது. காரு மாமாவின் சாவுக்குக் கூடுகிற சொந்தங்கள் பழைய காயங்களையெல்லாம் எடுத்து வைக்கிறார்கள். உறவு முறைகள் பின்னிப் பின்னி வருவதால் முதலில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பிடிபடாது. சாவு வீட்டுக்குப் போனால் நமக்கும் அப்படித்தானே. 'மெய்யழகன்' பிடித்தவர்கள் இந்த நாவலைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன்.

பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'பொன்னியின் செல்வ'னை மறந்துவிடுகிறார்கள். 1950 முதல் 1954 வரை ஒவ்வொரு வாரமும் காத்திருந்து அதைப் படித்தார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கதாநாயகன் குதிரையில் வருகிறான் என்றால், வீரநாராயண ஏரியையும் அதிலிருந்து தண்ணீர் பாயும் 74 கணவாய்களையும் ஆடிப்பெருக்குக் கூட்டத்தையும் ஆற அமரக் காட்டிவிட்டுத்தான் கல்கி மேலே போகிறார். 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது ஐந்து பாகங்களையும் வாங்கிப் போனவர்கள் கல்லூரி மாணவர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண், பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்தே முடித்துவிட்டாள். இந்தப் பிள்ளைகளைத்தான் பத்து நிமிடம் உட்காராதவர்கள் என்கிறது உங்கள் கட்டுரை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய நடிகர் படத்துக்கு வெளியான அன்றே விமர்சனம் வேண்டும் என்றால் இருக்கட்டும். 'கொட்டுக்காளி' போன்ற ஒரு படம் வருகிறபோதாவது, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், என்ன படம், யார் பார்க்க வேண்டும் என்று வெளியாவதற்கு முன்பே எழுதுங்கள். எந்தெந்த ஊரில் எந்த நேரத்தில் காட்சி என்பதையும் போட்டால் எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்கள் வீட்டு வேலையை மாற்றி வைத்துக்கொண்டாவது கிளம்புவோம். 'நூல் வரவு' பகுதியில் நான்கு வரியும் அட்டைப் படமும் போட்டு எட்டுப் புத்தகங்களை அடைப்பதற்குப் பதில், மாதம் ஒரு நாவலுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். பரிசு வாங்கிய பிறகு கொடுப்பதைவிட அது வந்த மாதத்திலேயே கொடுங்கள். படித்துவிட்டு உங்களுக்கு எழுத நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
மன்னார்குடி.