சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

பள்ளிகளுக்கான செயற்கை நுண்ணறிவு விதிமுறைகளை வகுக்கும் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மொழிப்பாடம் நடத்தும் ஆசிரியர். போன மாதம் என் மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்து, ‘80 சதவீதம் இயந்திரம் எழுதியது’ என்றது ஒரு கண்டறியும் மென்பொருள். அந்தக் கட்டுரையின் முதல் வரைவை அவள் என் எதிரில் உட்கார்ந்துதான் எழுதினாள். அடித்தல் திருத்தலோடு அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ஆனாலும் விதிப்படி அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். அவள் செய்ததெல்லாம் தனக்குத் தெரிந்த எளிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதியதுதான்.

அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இத்தகைய மென்பொருள்கள் பலவும் பார்க்கின்றன. சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்று முடிவு கட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிற பிள்ளையின் எழுத்து வேறு எப்படி இருக்கும்? 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று பதில் வந்தது. அமெரிக்காவின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் மட்டும் அவை அவ்வளவாகத் தடுமாறவில்லை. அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியைத் தானே விலக்கிக்கொண்டது.

அதற்காகச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வகுப்பை விட்டே துரத்தச் சொல்லவில்லை. துரத்தினாலும் அவை கைபேசியில் இருக்கத்தான் போகின்றன. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஒருநாள் திரையில் மொழிபெயர்ப்புக் கருவியைத் திறந்து, ‘அவர் மருத்துவர். அவர் செவிலியர்.’ என்று உள்ளிட்டேன். ஆங்கிலத்தில் மருத்துவர் ஆணாகவும் செவிலியர் பெண்ணாகவும் வந்தார்கள். நம் ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல்.

“யார் சார் அதுக்கு அப்படிச் சொன்னது?” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

யாரும் சொல்லவில்லை. நாம் காலங்காலமாக எழுதிவைத்ததைப் படித்துத்தான் அது கற்றுக்கொண்டது. சில கருவிகள் இப்போது இரு பாலையும் காட்டுகின்றன, அதையும் சொன்னேன். அப்புறம் வகுப்பே சூடுபிடித்துவிட்டது. நீதிபதி, ஓட்டுநர், சமையல்காரர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கரும்பலகையில் பட்டியல் போட்டார்கள். நான் தயாரித்து வைத்திருந்த பாடம் அப்படியே கிடந்தது, சரி, போகட்டும்.

நான் கேட்பது இரண்டுதான். மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை கூடாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள். நோட்டைப் பார்த்து, பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேசினாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். அடுத்து, கருவிகளைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்க வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

அந்த மாணவியின் விளக்கக் கடிதத்தை, அவள் சம்மதத்தோடு, பெயரை நீக்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதையும் எளிய சொற்களில்தான் எழுதியிருக்கிறாள். மென்பொருளில் போடாமல் நீங்களே படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழி ஆசிரியர்