கஜகஸ்தான் புல்வெளியில் பறவை பார்க்க

ஆசிரியர் அவர்களுக்கு,

பறவை பார்க்க வெளிநாடு என்றதும் எல்லோரும் ஆப்பிரிக்காவையே சொல்கிறார்கள். கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவிலுள்ள கோர்கல்ஜின் ஏரிப் பகுதி ஏனோ யார் கண்ணிலும் படுவதில்லை. யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. உலகில் பூநாரைகள் கூடு கட்டும் வடகோடி இடங்களில் ஒன்றான தெங்கிஸ் உப்பு ஏரியும் அங்கேதான்.

போக நினைப்பவர்கள் மே பிற்பாதியைத் தேர்ந்தெடுக்கலாம். 2024 மார்ச் முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்றாகி, அஸ்தானா கடிகாரம் ஒரு மணி பின்னே போய்விட்டது. அதனால் விடிவது நாலே காலுக்கு! பழைய வழிகாட்டி நூலை நம்பி எழுந்தால் வானம்பாடிகளின் முதல் பாட்டு போய்விடும். வெயில் ஏறினால் கானல் அலையில் தொலைநோக்கி பயன்படாது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கலங்கல்தான் பெரிதாகும்.

அருகிவரும் சோஷியபிள் லேப்விங் என்ற ஆள்காட்டிப் பறவையைத் தேடி நடுப்புல்வெளிக்குப் போக வேண்டாம். ஆடுமாடு மேய்ந்து புல் குட்டையான, கிராமத்தை ஒட்டிய நிலமே அதற்குப் பிடிக்கும். காரிலிருந்து இறங்காமல் பாருங்கள். இறங்கினால் கூட்டைவிட்டு எழுந்துவிடும்.

மண்பாதை மழையில் களியாகிவிடும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் சிக்கும், காயும்வரை காத்திருப்பதே வழி. காப்பகத்துக்குள் நுழைய அனுமதிச்சீட்டு முன்கூட்டியே வேண்டும். கொசுவலைத் தொப்பியை மறந்தால் ஏரிக்கரையில் நிற்கவே முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்