மூன்றாமவருக்குப் போடும் ஓட்டு எப்போதும் வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் பிரைமரி பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். முன்னணியில் இருப்பவரைப் பிடிக்காதவர்கள் அனைவரும் இரண்டாமவருக்கே வாக்களிக்க வேண்டும், மூன்றாமவருக்குப் போட்டால் ஓட்டுதான் பிரியும் என்கிறார் கட்டுரையாளர். நம்மூர்த் தொகுதிக் கணக்குக்கு இது பொருந்தும். குடியரசுக் கட்சியின் சில மாநிலங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் இந்த யோசனை காலை வாரிவிடக்கூடும்.

அங்கே மக்கள் போடும் ஓட்டை வைத்து, வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளை வேட்பாளர்களுக்குள் பங்கிடுகிறார்கள். 15 சதவீதத்தைத் தொடாதவருக்குப் பங்கு கிடையாது. (நம்மூரில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட்தான் போகும், அங்கே ஓட்டே கணக்கிலிருந்து போய்விடுகிறது.) மாநிலம் முழுவதற்கும் ஒரு முறை, ஒவ்வொரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக்கும் தனியாக ஒரு முறை என்று இந்த 15 சதவீதத்தைப் பார்ப்பார்கள். தாண்டியவர்களின் ஓட்டை மட்டும் கூட்டி, அந்த விகிதத்தில் இடங்களைப் பிரிப்பார்கள்.

5 பிரதிநிதிகள் உள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 40 சதவீதம், இரண்டாமவருக்கு 25, மூன்றாமவருக்கு 14. மீதி உதிரி வேட்பாளர்களுக்கு. மூன்றாமவர் 15ஐத் தொடாததால் கணக்கு 40க்கும் 25க்கும் இடையில்தான். முதலாமவருக்கு 3.08, இரண்டாமவருக்கு 1.92 என்று வரும். முழு எண்களை முதலில் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தைப் பெரிய பின்னம் உள்ளவருக்குத் தருவது விதி. ஆக 3-2. உதிரி ஓட்டில் ஒரு சதவீதம் இரண்டாமவரிடம் போனாலும் (40, 26) அதே 3-2தான். அந்த ஒரு சதவீதம் மூன்றாமவரிடம் போய் அவர் 15ஐத் தொட்டால்? பங்குகள் 2.5, 1.56, 0.94 என்று மாறுகின்றன. மிச்சமுள்ள இரண்டு இடங்களும் 0.94க்கும் 0.56க்கும் போகும், முடிவு 2-2-1. முதலாமவரிடமிருந்து ஓர் இடத்தைப் பறித்தது, கட்டுரையாளர் வேண்டாம் என்று சொன்ன அந்த ஓட்டுதான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மூன்றாமவர் 15ஐ ஒட்டி இருந்தால்தான் இது பலிக்கும். 2020 நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பிரைமரியில் வேட்பாளர்களான சாண்டர்ஸ் 25.6, பூட்டிஜெஜ் 24.3, குளோபுசார் 19.7 சதவீதம் பெற்று, 24 பிரதிநிதிகளை 9, 9, 6 என்று பிரித்துக்கொண்டார்கள். வாரனுக்கு 9.2, பைடனுக்கு 8.4, இருவருக்கும் பூஜ்யம். கருத்துக்கணிப்பில் 8 சதவீதத்தில் நிற்பவரை 15க்குத் தூக்கிவிடலாம் என்று நம்புவது வீண். 12 முதல் 18 வரை இருப்பவருக்கு விழும் ஓட்டுக்குத்தான் கூடுதல் கனம். தொகுதிவாரியான கணிப்பு பெரும்பாலும் கிடைக்காது. மாநிலக் கணிப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

களத்தில் இருவர் மட்டும் மிஞ்சினால், தொகுதியில் பிரதிநிதிகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். 4 பேர் உள்ள தொகுதியில் 60-40 என்று ஜெயித்தாலும் 2-2தான், 62.5ஐத் தாண்டினால்தான் 3-1. 5 பேர் உள்ள தொகுதியில் 51-49 வந்தாலே 3-2.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம் தபால் ஓட்டு. 2020ல் கலிஃபோர்னியாவில் மார்ச் 3 பிரைமரிக்குப் பிப்ரவரி தொடக்கத்திலேயே வாக்குச்சீட்டு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பூட்டிஜெஜ் விலகியது மார்ச் 1, குளோபுசார் மார்ச் 2. அதற்குள் அனுப்பிய சீட்டைத் திரும்பப் பெற வழியில்லை. விலகிய இவ்விருவர் பெயரிலும் சேர்ந்து 6 சதவீதத்துக்கு மேல் பதிவாகியிருந்தது. அந்த ஓட்டுகள் செல்லாத ஓட்டுகள் அல்ல. 15 சதவீதம் கணக்கிடும் மொத்தத்தில் அவையும் சேரும், அதாவது மற்றவர்கள் 15ஐத் தொடத் தேவையான ஓட்டை உயர்த்திவிடும். வாரன் மாநில அளவில் 13.2 சதவீதத்தில் நின்றுபோனார். மாநிலக் கணக்கில் பங்கிடப்பட்ட 144 பிரதிநிதிகளில் ஒருவர்கூட அவருக்கு இல்லை. சில தொகுதிகளில் மட்டும் 15ஐத் தாண்டியதால் 11 பேர் கிடைத்தார்கள். மனதில் இருப்பவர் விலகக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் சீட்டை வீட்டிலேயே வைத்திருந்து, வாக்குப்பதிவு நாளன்று பெட்டியில் போடலாம். மிச்சிகனில் எழுதிக் கேட்டு, அனுப்பிய சீட்டை ரத்து செய்து வேறு வாங்கும் வசதி அப்போது இருந்தது. எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 2016ல் தென் கரோலினாவில் டிரம்ப் 32.5 சதவீதம் மட்டுமே வாங்கி, 50 பிரதிநிதிகளையும் அள்ளினார். எதிர்த்து நின்ற ரூபியோவும் குரூஸும் தலைக்கு 22 சதவீதத்துக்கு மேல் எடுத்தும் கையில் ஒன்றும் இல்லை. ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற இம்மாதிரி இடத்தில்தான் கட்டுரையாளரின் யோசனை செல்லும். அதே ஆண்டு ஒஹாயோவில் டிரம்பைத் தடுக்க வேண்டுமானால் இன்னொரு வேட்பாளரான கேசிக்குக்குப் போடுங்கள் என்று ரூபியோ தரப்பே சொன்னது. கேசிக் ஜெயித்து 66 பேரையும் எடுத்தார். ஆனால் புளோரிடாவில் ரூபியோவுக்குப் போடுங்கள் என்று கேசிக் தரப்பு பதிலுக்குச் சொல்லவில்லை. அங்கே 99 பேரும் டிரம்புக்குப் போனார்கள். ஒருதலையான விட்டுக்கொடுத்தலை உடன்பாடு என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. வேறு பல மாநிலங்களில் பாதிக்கு மேல் வாங்கினால் மட்டும் எல்லாம் ஒருவருக்கு. 2024 கலிஃபோர்னியாவில் 169 பேருக்கும் அந்த விதிதான். அங்கே எதிர்ப்பாளர்களின் வேலை முன்னணியாளரை 50ஐத் தாண்டவிடாமல் வைப்பது. யார் இரண்டாமவர் என்பது அதற்கு முக்கியமே இல்லை.

இவ்வளவும் வாக்குச்சீட்டு கையில் இருந்தால்தானே? கலிஃபோர்னியாவில் எந்தக் கட்சியையும் சேராதவராகப் பதிந்திருப்பவருக்கு, ஜனநாயகக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்காவிட்டால், அதிபர் வேட்பாளர் பகுதியே இல்லாத தபால் சீட்டுதான் வரும். குடியரசுக் கட்சிச் சீட்டு வேண்டுமென்றால் அக்கட்சியில் பதிவு மாற்றியாக வேண்டும். நியூயார்க்கில் கட்சி உறுப்பினர்களுக்கு மட்டுமே ஓட்டு. 2016 ஏப்ரல் 19 பிரைமரிக்குக் கட்சி மாறக் கடைசி நாள் முந்தைய ஆண்டு அக்டோபர் 9. அதைத் தவறவிட்டதால் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும்கூடத் தந்தைக்கு ஓட்டுப் போட முடியவில்லை. அந்தக் கெடு பின்னர் பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டது.

அங்கே குடியுரிமை பெற்ற தமிழர்கள் பலர் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். 2028க்கு முன் மாநிலவாரியாக மூன்றே பத்திகளில் ஓர் அட்டவணை வெளியிடுங்கள்: கட்சிப் பதிவின் கடைசி நாள், பிரதிநிதிகளைப் பங்கிடும் விதி, அனுப்பிய தபால் ஓட்டை மாற்ற முடியுமா முடியாதா.

இப்படிக்கு,
வாசகர், சான் ஹோசே