எந்த முகத்தோடு என்று கேட்ட பிள்ளைக்கு

அன்புள்ள வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மா கண்மூடியபோது நீ பக்கத்தில் இல்லை; அதிலிருந்து தொழுகைக்கும் போவதில்லை. போன மாதம் போனில் கேட்டாய்: "எந்த முகத்தோட சாச்சி பள்ளிவாசல்ல போய் நிக்கிறது?" எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. இந்த வண்ணாரப்பேட்டையில் உன்னைப் போல் மனசுக்குள் புழுங்கிக்கொண்டு இன்னும் எத்தனை பிள்ளைகளோ, அவர்களும் படிக்கட்டும்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி "இப்பவே கிளம்பி வரட்டுமா சாச்சி?" என்று கேட்டாய். "உம்மா ரெண்டு இடியாப்பம் சாப்பிட்டுச்சு வாப்பா, நல்லாத்தான் இருக்கு, ஞாயித்துக்கிழம வந்தா போதும்" என்று சொன்னது நான். வியாழக்கிழமை சுப்ஹு பாங்குக்கு, விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு, முன்னால் அவள் ரூஹு பிரிந்தது. தலைமாட்டில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். ஓதிய வாய்க்குள்ளேயே அந்த 'ஞாயித்துக்கிழம' கசந்தது. இன்றைக்கும் கசக்கிறது. நீ குற்றம் முழுவதையும் உன் தலையில் தூக்கி வைத்திருக்கிறாய். அதில் என் பங்கும் இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் "உன் மேல் தப்பே இல்லை" என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் நீ தலையாட்டிவிட்டுப் போனதைப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றாய். ஒரகடத்திலிருந்து பஸ் ஏறினால் பாதி நாள் போய்விடும் என்றாய். அந்த மூன்று ஞாயிறும் அவள் வாசல் பக்கமே முகம் வைத்துப் படுத்திருந்தாள். அது உண்மை. உண்மையை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உம்மா மௌத்துக்குப் பிறகு நான் நபித்தோழர் (சஹாபி) கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் சம்பவத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புகாரி, முஸ்லிம் ஹதீஸ் நூல்களில் அவரே தன் வாயால் சொல்கிறார். ஹிஜ்ரி 9, தபூக் படைப்பயணம். நல்ல வெயில் காலம், பழம் கனிந்து நிழல் இதமாக இருந்த நேரம். அவருக்கு நோய் இல்லை, வறுமை இல்லை, வாழ்நாளில் அதுவரை இல்லாத வசதி, இரண்டு வாகனம் கைவசம். தினமும் காலையில் பயணத்துக்கு ஆயத்தம் செய்யப் போவார், ஒன்றும் செய்யாமல் திரும்புவார். "நினைத்தால் முடியும், நாளைக்குப் பார்ப்போம்." படை கிளம்பிய பிறகும் ஓரிரண்டு நாளில் எட்டிப் பிடிக்கலாம் என்று நினைத்தார். கடைசியில் போகவே இல்லை. அவருக்கும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது வாப்பா. நாளைக்கு, நாளைக்கு. அவ்வளவுதான்.

நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும், வராமல் இருந்தவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். கஅபு அவர்கள் "எனக்கு எந்தக் காரணமும் இல்லை" என்று சொன்னார்கள். அவரோடும் உண்மை சொன்ன இன்னும் இரண்டு பேரோடும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவானது. அது 50 நாள் நீடித்தது. அந்த இரண்டு பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார்கள். கஅபு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிவாசலுக்குப் போனார்கள். ஸலாத்துக்குப் பதில் சொல்லாத ஜனங்களோடு ஸஃப்பில், தொழுகை வரிசையில், நின்று தொழுதார்கள். நபி (ஸல்) அவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஓரக்கண்ணால் பார்ப்பாராம். இவர் தொழுகையில் மும்முரமாகும்போது நபியவர்கள் இவரைப் பார்ப்பார்கள், இவர் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்த இடம் வந்தால் என்னால் மேலே படிக்க முடிவதில்லை. எந்த முகத்தோடு என்று கேட்டாயே, அந்த முகத்தோடுதான் வாப்பா. கறை படிந்த முகத்தோடுதான் அவர் போனார். அவர் தொழும் நேரம் பார்த்து ஒரு பார்வை அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஐம்பதாம் நாள் சுப்ஹு தொழுது வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும்போது, மலை மேலிருந்து ஒருவர் "கஅபே, சந்தோஷப்படுங்கள்!" என்று கத்தினார். அப்படியே ஸஜ்தாவில் விழுந்தார். அவர்கள் மூவரைப் பற்றித்தான் குர்ஆனில் தவ்பா சூராவின் 118ஆம் ஆயத்து, அதாவது வசனம். பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிப் போனது என்கிறான் அல்லாஹ். நீ அந்த ரூமில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கும்போது இருப்பதும் அதுதானே. அடுத்து வரும் வார்த்தையைக் கவனி. அவர்கள் திரும்பி வருவதற்காக, அவன் முதலில் அவர்கள் பக்கம் திரும்பினான் என்று இருக்கிறது.

நீ இப்போது செய்துகொண்டிருப்பது என்ன என்று யோசித்தேன். உம்மாவிடம் போவதைத் தள்ளிப்போட்டாய். அதற்கு வருத்தப்பட்டு, இப்போது ரப்பிடம், படைத்தவனிடம், போவதைத் தள்ளிப்போடுகிறாய். மனசு சுத்தமான பிறகு தொழலாம் என்கிறாய். அதுவும் அந்தப் பழைய 'நாளைக்கு'தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

இன்னொரு சஹாபி, ஸஅது இப்னு உபாதா (ரலி). உன்னைப் போலவே, உம்மா மௌத்தானபோது அவர் பக்கத்தில் இல்லை. நபி (ஸல்) அவர்களிடம் போய், நான் இல்லாதபோது என் தாய் இறந்துவிட்டார், நான் ஸதகா (தர்மம்) செய்தால் அவருக்குப் பலன் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார்கள். அங்கேயே தன் தோட்டத்தை ஸதகாவாகக் கொடுத்தார். எது சிறந்த ஸதகா என்று கேட்டபோது 'தண்ணீர்' என்று பதில் வந்தது, தாயின் பெயரில் ஒரு கிணறு வெட்டினார் என்றும் அறிவிப்பு இருக்கிறது.

தண்ணீர் என்றதும் எனக்கு 2019 கோடைதான். புழல் ஏரி வறண்டு கிடந்தது, நம் அடிபம்பில் காற்றுதான் வந்தது. லாரி எப்போது வரும் என்று உன் உம்மா ராத்திரியெல்லாம் திண்ணையில் பச்சைக் குடத்தோடு உட்கார்ந்திருப்பாள். தனக்கு நாலு குடம் பிடித்தால் ஒன்றைக் கோடி வீட்டுக் கிழவிக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அந்த வீட்டுக் கிழவி இன்னும் இருக்கிறாள். குடம் தூக்க ஆள் இல்லை. பள்ளிவாசல் முனையில் வைத்திருந்த தண்ணீர் டேங்கும் விரிசல் விட்டுக் கிடக்கிறது. என்ன செய்யலாம் என்று நீயே முடிவு செய்.

அவள் பாக்கி வைத்துப் போனதையும் சொல்கிறேன். மளிகைக் கடையில் 1,840 ரூபாய், நோட்டைப் பார்த்துவிட்டேன். சர்க்கரையால் போன ரமலானில் 11 நோன்பு விட்டுப்போனது. நோன்புக்கு ஓர் ஏழை வீதம் சோறு கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், படுத்துவிட்டாள். அளவைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள். அரிசி எடுத்தால் ஆக்கிப்போட நான் இருக்கிறேன்.

காலை ஷிப்ட் முடிந்து நீ ரூமுக்குத் திரும்பும்போது லுஹர், மதியத் தொழுகை நேரம் மிச்சம் இருக்கும். விட்டுப்போன தொழுகைகளின் களாவையெல்லாம் இன்றைக்கே எண்ணாதே, அந்த ஒரு லுஹரைத் தொழு. உங்கள் ரூமிலும் தண்ணீர் கஷ்டம் என்றாய். இரண்டு கை சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்திருக்கிறார்கள்.

உம்மாவின் முஸல்லாவை, அந்தத் தொழுகை விரிப்பை, துவைத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். கிழமை சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

துஆவுடன்,
சாச்சி