ஓடைக்கரை நடைபாதையில் கோடைக்காலக் குழு நடை: அடிப்படை வசதிகள் கோரும் மனு

அனுப்புநர்
ஓடைக்கரை நடைபாதையில் குழுவாக நடப்பவர்கள்

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: ஓடைக்கரை நடைபாதை – கோடையில் குழுவாக நடப்போர் பாதுகாப்பு – கேட் திறக்கும் நேரம், இட எண் கம்பங்கள், குடிநீர்க் குழாய், பாலத்தடிப் பாதை – ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நகருக்கு நடுவே ஓடும் ஓடையின் கரைப்பாதையில், கோடை விடுமுறை நாட்களில் இருபது முப்பது பேராகச் சேர்ந்து நடப்பது வழக்கமாகிவிட்டது. ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை, பேருந்து நிறுத்தமும் பக்கத்திலேயே. அதனாலேயே நடந்து பழகாதவர்களும் முதியவர்களும் சிறுவர்களும் கூட வருகிறார்கள். ஆனால் பாதையில் இறங்கிவிட்டால் அடுத்த பாலம் வரும்வரை வெளியேற வழி இல்லை. ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் தண்ணீர். கீழே நாங்கள் கேட்பவை எல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான்.

முதலில் கேட் திறக்கும் நேரம். இப்போது காலை 8 மணிக்குத்தான் திறக்கிறார்கள். சமதரையில் தனி ஆள் மணிக்கு 5 கி.மீ. நடந்துவிடுவார். குழுவுக்கோ கடைசியில் வருபவரின் வேகம்தான் வேகம். வெயிலில் அது 3 கி.மீ. என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். 10 கி.மீ. தூரத்துக்கு 3 மணி 20 நிமிடம், பத்துப் பத்து நிமிடமாக நான்கு ஓய்வு, ஆக 4 மணி நேரம். 8 மணிக்குக் கிளம்பினால் உச்சிவெயிலில் முடியும். 5.30-க்குக் கிளம்பினால் 9.30-க்கு எல்லோரும் வெளியே வந்துவிடலாம். ஓடைக்கரை என்றால் குளிர்ச்சி என்ற நினைப்பு பாதிதான் உண்மை. பாதை சாலை மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் காற்று வராது. ஈரப்பதம் கூடுவதால் வியர்வை காயாது, வியர்வை காயாமல் உடல் குளிராது. கோடை மாதங்களில் மட்டுமாவது 5.30-க்குக் கேட்டைத் திறக்க வேண்டுகிறோம். காவலாளியின் ஷிப்டை மாற்றினாலே போதும், கட்டுமானச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது, யாராவது மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்பது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். "ஓடைக்கரையில்" என்று சொல்லி யாருக்கும் பயனில்லை. பாலத்துக்கு அடியிலும் அடர்ந்த மரங்களுக்கு இடையிலும் கைபேசி காட்டும் இடம் தள்ளிப்போகும். இருபது மீட்டர் தள்ளினாலே அது எதிர்க்கரையாகிவிடும். வண்டி அந்தப் பக்கம் போய் நின்றால் மறுபடி பாலம் சுற்றித்தான் வர வேண்டும். எனவே 200 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, இடக்கரைக்கு ஒற்றைப்படை, வலக்கரைக்கு இரட்டைப்படை என எண் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துக் கேட் எது என்ற பட்டியல் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலும் தீயணைப்பு நிலையத்திலும் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் கம்பம் வெறும் அலங்காரம்தான்.

கேட்டைப் பற்றி இன்னொன்று. மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க வைத்துள்ள வளைவுக் கம்பித் தடுப்பில் ஆள் உடலைத் திருப்பி நுழையலாம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நோயாளியைத் தடுப்புக்கு மேலே தூக்கித்தான் கடத்த வேண்டும். தடுப்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. பக்கத்தில் பூட்டுப் போட்ட, கழற்றக்கூடிய ஒரு கம்பம் வைத்து, எல்லாக் கேட்டுக்கும் ஒரே சாவியாக்கி, அதை ஆம்புலன்ஸ்காரர்களிடமும் கொடுத்துவைத்தால் போதும்.

தண்ணீர்தான் எங்கள் பெரிய கவலை. வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு 2 லிட்டர், 25 பேருக்கு 50 லிட்டர். சிறுவர்களும் முதியவர்களும் 2 கிலோ சுமையைத் தூக்குவதில்லை. ஒரு பாட்டிலோடு வந்து பாதி வழியில் காலி செய்கிறார்கள். பிறகு பாதை முடியும் இடத்தில் மடமடவென்று குடிக்கிறார்கள். அதுவும் ஆபத்து: மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்புச்சத்தான சோடியம் நீர்த்துப்போகலாம். இரண்டு கி.மீ.க்கு ஒரு குழாய் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் போவார்கள். குழாய் வாய்க்குக் கீழே பாட்டில் நிமிர்ந்து நிற்க 30 செ.மீ. இடைவெளி வேண்டும். வெயில் படும்படி சுவரோரம் ஓடும் இரும்புக் குழாயில் முதலில் வருவது கொதிநீர், ஆகவே குழாயை மண்ணுக்குள் புதைத்துக் கொண்டுவர வேண்டும்.

குழாய் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஹோஸ் மாட்டும் வாய் ஒன்றும் வையுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பேச்சு குழறி நிதானம் தப்பினால் அது வெப்பத்தாக்கு. அப்போது ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது. விழுந்த இடத்திலேயே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். முதல் அரை மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் அதற்குக் காணாது. ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றலாமே என்றால், அதில் சாக்கடையும் கலந்திருக்கிறது.

பாலத்தடிப் பாதைகளைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். அங்கே பாதை நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து போகிறது. கூரையிலும் சாலையிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் நேரே ஓடைக்கு வருவதால், மேல்பகுதியில் கோடை மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே சில நிமிடங்களில் நீர் ஏறும். முழங்காலுக்குக் கீழே ஓடும் நீர் கூட ஆளைச் சாய்த்துவிடும். இப்போதுள்ள எச்சரிக்கைப் பலகை சரிவின் அடியில் இருக்கிறது. பலகையும், பாதையை மறிக்கும் சங்கிலியும் சரிவு தொடங்கும் இடத்தில், சாலைக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். திரும்ப முடிகிற இடத்தில் சொன்னால்தானே எச்சரிக்கை. நீரளவுக் கோடு தீட்டிய கம்பம் ஒன்று அங்கிருந்தே தெரியும்படி நிற்கட்டும்.

வெள்ளம் வடிந்தபின் படியும் வண்டல் இன்னும் மோசம். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், காலை வைத்தால் உள்ளே களி. வழுக்கிக் கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறிவது இங்கேதான். வெறும் தண்ணீர் அடித்தால் களி பரவிப் பாசி பிடிக்க வழியாகும்; முதலில் மண்வெட்டியால் வழித்து அள்ளிவிட்டுப் பிறகு கழுவ ஊழியர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

நிழல் மரங்களைக் கோடைக்கு முன் கழிக்க வேண்டாம், பட்ட கிளைகளை மட்டும் எடுத்தால் போதும். மண்பாதைக்குச் சிமென்ட் பூச வேண்டாம்.

எங்கள் பங்குக்கு: ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம். வழி தெரிந்த ஒருவர் முன்னாலும், முதலுதவிப் பையோடு ஒருவர் கடைசியிலும் வருவார். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரையும் விட மாட்டோம். ஒவ்வொரு பாலத்திலும் தலை எண்ணுவோம். சைக்கிள்களுக்கு இடம்விட்டு இருவர் இருவராக மட்டும் நடப்போம், பாதையை அடைத்து உட்கார மாட்டோம். பாதைக் கண்காணிப்பு அலுவலகத்தில் பெயர்ப்பட்டியலும் திரும்பும் நேரமும் எழுதிவைக்கத் தயார்.

கம்பங்களும் குழாய்களும் வர வேண்டிய இடங்களைக் குறித்த வரைபடம் இணைத்துள்ளோம். பொறியாளர் ஒருவரை எங்களோடு ஒருமுறை பாதை முழுவதும் நடந்து பார்வையிட அனுப்புமாறும், கேட் நேரத்தை இந்தக் கோடைக்கே மாற்றித்தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைக்கரை நடைபாதையில் குழுவாக நடப்பவர்கள்

இணைப்பு: வரைபடம், கையொப்பப் பட்டியல்