ஒட்டுப்போட்ட ஹோஸ்

இரும்பு வெட்டும் பட்டறைகளின் உரிமையாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம். ஆக்சிஜனும் அசிட்டிலினும் கலந்த தீயால் இரும்பை வெட்டும் கட்டிங் டார்ச்சைப் பல ஆண்டுகளாகப் பிடிப்பவன் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த ஓர் இடத்தில் எரிவாயுவான அசிட்டிலின் வரும் சிவப்பு ஹோஸைத் தரையிலிருந்து எடுத்தபோது நடுவில் முடிச்சுப்போல ஏதோ தட்டுப்பட்டது. சுற்றியிருந்த டேப்பைக் கொஞ்சம் பிரித்தேன். உள்ளே விரல் நீளத்துக்குச் செப்புக் குழாய். இரண்டு பக்கமும் கட்டுக்கம்பி முறுக்கு. அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

"ஒரு வருடமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்றார்கள்.

செம்பில் அசிட்டிலின் பட்டுக்கொண்டே இருந்தால் செப்பு அசிட்டிலைடு உண்டாகலாம். அது காய்ந்துவிட்டால் லேசான தட்டலுக்கே வெடிக்கக்கூடியது. ஓராண்டு ஓடியது எனக்கு ஆறுதலாகப் படவில்லை.

ஒட்டுப்போட்டவனை நான் குறை சொல்லமாட்டேன். புது ஹோஸ் கேட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பீர்கள், டார்ச் பற்றவைக்கத் தாமதமானால் "இன்னும் என்ன செய்கிறாய்?" என்பீர்கள். நடுவில் மாட்டியவன் கைக்குக் கிடைத்ததைச் செருகுகிறான்.

நான் கேட்பது வேலை தொடங்கும் முன் கால் மணி நேரம், அதை யாரும் பிடுங்கக்கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நின்று சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று காத்திருக்கவேண்டும். ஹோஸை வளைத்து வளைத்து வெடிப்புத் தேடவேண்டும். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடக்கூடாது, அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். எரிவாயு நட்டுக்கு இடது மரை (இடப்பக்கம் திருப்பி இறுக்குவது) வைத்திருப்பதே ஹோஸ்கள் மாறிவிடக்கூடாது என்றுதான். அதையும் நெம்பி மாட்டப் பார்த்த ஆள்களைக் கண்டிருக்கிறேன். தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ஹோஸ்களிலும் வேண்டும். அப்புறம், தூரத்தில் நின்று "கொஞ்சம் கூட்டி வை" என்று குரல் கொடுக்காதீர்கள். அசிட்டிலினின் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.-ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தாண்டினால், ஆக்சிஜன் இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடும்.

மின்சாரத்தில் இரும்பை வெட்டும் பிளாஸ்மா மெஷின் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கும் உரிமையாளர்கள் உண்டு. அங்கே தொல்லை ஒயரில். நீட்டிப்பு ஒயரை டிரம்மில் சுற்றியபடியே மெஷினுக்கு மின்சாரம் கொடுத்தால் உள்சுற்றுகள் சூடாகி உறை இளகும். முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். இன்சுலேஷன் டேப்பை எல்லா நோய்க்கும் மருந்தாக நம்புவதை விடுங்கள். எர்த் கிளாம்ப் வெட்டும் தகட்டிலேயே இருக்கட்டும், பக்கத்துக் குழாயிலோ சிலிண்டரிலோ கவ்வவேண்டாம். கையில் பிடிக்கும் கிரைண்டர், டிரில் போன்றவற்றின் லைனில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கவேண்டும்.

அன்று சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, அந்த ஹோஸை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது ஹோஸ் மாலையில்தான் வந்தது. வேலை நின்ற அந்த நேரத்தை என் கணக்கில் எழுதினார்கள். இனி அதை ஹோஸின் கணக்கில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கேஸ் கட்டர்