டப் டெக்னோ பற்றிக் கேட்ட சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிக்கப் போன கையோடு அவள் அறையை சிந்தசைசர் அறையாக்கிவிட்டாய் என்பதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். விடுமுறைக்கு வந்து பார்த்தால் இருக்கிறது உனக்கு. இங்கே எல்லாரும் நலம். காதில் இரைச்சல் என்று போன தடவை எழுதியிருந்தேனே, இப்போது குறைந்திருக்கிறது. ஹெட்ஃபோனை ஒதுக்கிவிட்டு, சின்ன ஸ்பீக்கரில் சத்தம் குறைத்துத்தான் கேட்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டப் டெக்னோவுக்கு, அதாவது எதிரொலியில் மிதக்கும் அந்த மின்னணு இசைக்கு, எந்த சிந்தசைசர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எதுவும் வாங்காதே. ஒலி எழுப்பும் இரண்டு ஆஸிலேட்டர், மேல் ஒலிகளை வெட்டும் ஒரு லோபாஸ் ஃபில்டர், ஒரு அளவை மெதுவாக ஏற்றி இறக்கும் ஒரு எல்எஃப்ஓ இருந்தால் போதும், அது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. பணத்தைச் செலவழிக்காமல் தூக்கம் வராது என்றால் எதிரொலி தரும் கருவியான டிலே நல்லதாக ஒன்று வாங்கு. இந்த இசையில் சிந்தசைசர் கால் விநாடிதான் பேசுகிறது. மிச்ச நேரமெல்லாம் பேசுவது டிலே.

கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, முதலில் முடித்துவிடலாம். ஏ மைனர் செவன்த் எடுத்துக்கொள்: ஏ, சி, ஈ, ஜி. இரண்டு ஆஸிலேட்டரிலும் ரம்பப் பல் வடிவ சா அலை, ஒன்றின் சுருதியை மட்டும் சில சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தள்ளி வை. ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடமான கட்ஆஃபை 400 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஏற்ற இறக்கம் தரும் என்வலப் அதைச் சட்டென்று திறந்து 250 மில்லி விநாடிக்குள் மூடட்டும். கீயை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவான சஸ்டெயின் பூஜ்யம். அப்புறம் கட்ஆஃபை ஒரு மெதுவான எல்எஃப்ஓவிடம் கொடு. டெம்போவோடு பூட்டாதே. 17.3 விநாடிக்கு ஒரு சுற்று என்பது போல எதனோடும் ஒட்டாத வேகம் வை. அப்போதுதான் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடக் கொஞ்சம் மங்கலாகவோ பளிச்சென்றோ விழும். கார்டை மாற்ற வேண்டுமானால் நாலு விரலையும் அப்படியே சேர்த்து நகர்த்து. சாம்ப்ளரில் ஒரு மைனர் கார்டைப் பதிந்து ஒற்றைக் கீயில் வாசித்தால் எந்தக் கீயை அழுத்தினாலும் அதே மைனர்தானே வரும், அந்தச் சாயல் இந்த இசைக்கு நன்றாகப் பொருந்துகிறது. நீ படித்த ஹார்மனி விதிகளை இங்கே கொண்டுவராதே!

இனி டிலே. 120 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பீட் 500 மில்லி விநாடி, பதினாறில் ஒரு பங்கு நோட் 125. டிலேயை அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 375 மில்லி விநாடியில் வை. நாலு பீட் கொண்ட ஒரு பாரில் 16 இடம் இருக்கிறது, 3 அதில் சரியாக அடங்காது. பாரின் தலைப்பைப் பூஜ்யம் என்று எண்ணினால், முதல் பாரில் எதிரொலி 3, 6, 9, 12, 15 என்று போய், அடுத்த பாரில் வேறு இடங்களில் விழும். பதினாறாவது எதிரொலியில்தான், சரியாக மூன்று பார் கழித்து, மறுபடியும் பாரின் தலைப்பில் வந்து நிற்கும். நீ ஒரே ஒரு கார்டு அடித்திருப்பாய், கேட்பவர் காதுக்கு அது சிக்கலான தாளமாகப் படும். எதிரொலியில் மறுபடி டிலேக்குள் போகும் பங்கான ஃபீட்பேக் 70 சதவீதம் என்றால் ஒவ்வொரு எதிரொலியும் சுமார் 3 டெசிபல் இறங்கும், பதினாறாவது வரும்போது 50 டெசிபல் போயிருக்கும். ஏறக்குறைய கேட்காது. அந்த வாலை எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருப்பது என்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

திரும்பத் திரும்ப ஓடும் உன் லூப் 'செத்துக் கிடக்கிறது' என்று எழுதியிருந்தாயே, டிலேயை ஒரு செட்டிங்கில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். உன் மிக்ஸரில் இப்படிச் செய்து பார். டிலேயின் சொந்த ஃபீட்பேக்கைப் பூஜ்யமாக்கு. அதிலிருந்து வரும் ஒலியை, எஃபெக்ட் ஒலிக்கென்றே இருக்கும் ரிட்டர்னில் செருகாமல் ஒரு சாதாரண சேனலில் செருகு. அந்தச் சேனலில் ஒலியின் ஒரு பங்கை வெளியே அனுப்பும் ஆக்ஸ் செண்ட் நாபைக் கொஞ்சம் திறந்து, ஒலியை மறுபடியும் அதே டிலேக்கு அனுப்பு. இப்போது ஃபீட்பேக் உன் விரலில் இருக்கிறது, நடுவில் மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவும் இருக்கிறது. 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, இல்லாவிட்டால் அடிச்சத்தம் சேர்ந்து சேர்ந்து மொத்தமும் கலங்கிப்போகும். மேலே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குறை, ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் இருண்டுகொண்டே போகும். பிறகு அந்த ஆக்ஸ் செண்ட் நாபை ஊஞ்சல் ஆட்டுவது போல ஆட்டு. கைமீறப் போகிற நேரத்தில் இழு, அடங்கப் போகிற நேரத்தில் தள்ளு. முதலில் சத்தம் எல்லை மீறாமல் பிடிக்கும் லிமிட்டர் போட்டுவிடு. இது கத்தினால் ஸ்பீக்கரும் போகும், காதும் போகும். காதைப் பற்றி நான் சொன்னால் நம்புவாய்.

நான் சொல்கிற இந்த வித்தையெல்லாம் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தது. 1970களில் அங்கே கிங் டபி, மின்கருவிகள் பழுதுபார்த்தவர், எம்சிஐ நிறுவன மிக்ஸர் ஒன்றில் இருந்த, கீழ் ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் நாபைத் திருகித் திருகியே பாட்டுகளை வேறு உருவமாக்கினார். பாடகர் பாடி முடித்துப் போன பிறகு மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர்தான் வாத்தியக்காரர். பெர்லினில் 1993-இல் மொரிட்ஸ் ஃபான் ஒஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டஸும் பேசிக் சேனல் என்று தொடங்கி, அதே பழக்கத்தை டெக்னோவின் கிக் என்ற அடி மேளத்துக்கு மேல் கொண்டுவந்து வைத்தார்கள். இவர்களை ஆராய்ந்து எந்த இயந்திரம் வைத்திருந்தார்கள் என்று பட்டியல் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. டபியின் பழைய மிக்ஸுகளைக் கேள், எந்த நாப் எந்த நொடியில் திரும்புகிறது என்று கவனி. இரண்டு மணி நேரம் அப்படிக் கேட்டால் நான் எழுதுவதெல்லாம் தேவையே இல்லை.

பழைய டேப் எக்கோவின் குணம் வேண்டுமென்றால், ரோலண்ட் 1974-இல் கொண்டுவந்த ஸ்பேஸ் எக்கோ ஆர்ஈ-201 மாதிரி ஒலிக்கும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அசலில் டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் மூன்று பிளேபேக் ஹெட், கூடவே பெரிய அறையின் முழக்கம் போல ஒலிக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப். டேப் சீராக ஓடாததால் சுருதி லேசாக வழுக்கும், அதுதான் அதன் அழகு. உன் டிஜிட்டல் டிலேயிலும் டைமை ஒரு எல்எஃப்ஓவால் ஒரு துளி அசைத்தால் ஏறக்குறைய அது கிடைக்கும். ஒரு துளிதான், கூடினால் கப்பல் ஏறிய மாதிரி தலை சுற்றும்.

ரிவெர்ப் டிலேக்குப் பிறகு வரட்டும், குறைவாக. கிக் விழும்போது அது தாழும்படி ஒரு சைடுசெயின் கம்ப்ரஸர் போடு. பேஸ் ஒரு சைன் அலை, இரண்டு மூன்று சுரம், அவ்வளவுதான். இரைச்சலைப் பற்றி நமக்குள் சண்டை வரும் என்று தெரியும். வினைல் கீறல் சத்தத்தை சாம்பிளாக வாங்கி ஒட்டுவது எனக்கு அறவே பிடிக்காது. சிந்தசைசரின் நாய்ஸை எடுத்து அதே டிலே வழியாக விடு, அது கார்டோடு சேர்ந்து மூச்சு வாங்கும்.

அடுத்து நீ அனுப்பும்போது கிக், ஹைஹாட் எதுவும் வேண்டாம். கார்டும் டிலேயும் மட்டும், நிறுத்தாமல் பத்து நிமிஷம், ஒரே டேக்கில் பதிவு செய்து அனுப்பு. எங்கே நாபைத் தொட்டாய் என்று நான் நேரம் குறித்து எழுதுகிறேன். மகளுக்கு என் அன்பைச் சொல், அறை விஷயத்தை அவளிடம் நீயே சொல்லிக்கொள்.

அன்புடன்,
முரளி